கரையில்லாத ஏரிக்கு எல்லை தேடுதல்

திண்டிவனத்திலிருந்து கிழக்கே போகும் சாலை மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொடும் இடத்தைச் சுற்றி உப்பளப் பாத்திகள் விரிந்து கிடக்கின்றன. அங்கிருந்து தெற்கே, புதுச்சேரிப் பக்கம் திரும்பினால், வலப்புறம் பனைகளுக்கும் சவுக்குத் தோப்புகளுக்கும் அப்பால் கழுவெளி. மார்கழியில் போனால் கடலா ஏரியா என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குத் தண்ணீர். சித்திரை வெயிலில் அதே இடத்தில் போய் நின்றால் வெடித்த சேறு, வெள்ளையாகப் பூத்த உப்பு, மேய்ந்துகொண்டிருக்கும் மாடுகள். இரண்டும் கழுவெளிதான். இவற்றில் எதை அதன் எல்லை என்று படத்தில் வரைவது?

கடலோர ஈரநிலங்கள் சுருங்கிவிட்டன என்று ஆண்டுதோறும் அறிக்கைகள் வருகின்றன. அவற்றில் பலவும் ஒரே வழியைத்தான் கையாள்கின்றன. பழைய படம் ஒன்று, புதிய படம் ஒன்று. இரண்டிலும் நீர்ப்பரப்பை அளந்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இழப்பு. கரையும் மதகும் கலங்கலும் உள்ள ஏரிக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரிப்படும். கழுவெளிக்குக் கரை கிடையாது. மேற்கிலிருந்து மழைநீரும் கிழக்கிலிருந்து உப்புநீரும் வந்து கலந்து பிரியும் ஒரு தட்டையான பள்ளம் அது. அங்கே நடந்திருக்கும் மாற்றத்தில் பரப்பளவு சிறு பங்குதான். தண்ணீர் எப்போது வருகிறது, எத்தனை மாதம் நிற்கிறது, எவ்வளவு உப்போடு நிற்கிறது, அதன் ஓரம் வளைந்து கிடக்கிறதா கோணலற்ற வரப்பாகிவிட்டதா என்பவற்றில்தான் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. அதைக் கழித்தல் கணக்கால் பிடிக்க முடியாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பரப்பளவையே முதலில் பார்ப்போம். பறவையியலாளர்களும் சூழலியலாளர்களும் எழுதியவற்றில் கழுவெளி சுமார் 70 சதுர கிலோமீட்டர். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தபோது வானூர், மரக்காணம் வட்டங்களில் குறித்த பரப்பு 5,151.60 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 51.5 சதுர கிலோமீட்டர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘18 சதுர கிலோமீட்டர் காணாமல் போனது’ என்று ஒருவர் தலைப்புப் போட்டுவிடலாம். அது தவறு. முதல் எண், வெள்ளம் பரவக்கூடிய சமவெளி முழுவதையும் கணக்கிட்டது. இரண்டாவது எண், சட்டப்படி கைக்கொள்ளக்கூடிய சர்வே எண்களின் கூட்டுத்தொகை. இடையில் உள்ளதில் கொஞ்சம் உண்மையான இழப்பும் இருக்கும். எவ்வளவு என்பதை இந்த இரண்டு எண்களிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

பெயருக்குள் இருக்கும் நிலவரைபடம்

கழுவெளி என்பதை இன்று ஓர் இடத்தின் பெயராகச் சொல்கிறோம். முன்பு தொண்டைமண்டலக் கடலோரத்தில் அது ஒரு பொதுப்பெயராகவே வழங்கியிருக்கிறது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பையும் உள்ளூர்க்காரர்கள் கழிவெளி என்றுதான் சொல்லிவந்தார்கள். கழி என்றால் கடல்நீர் உள்ளே புகுந்து நிற்கும் உப்பங்கழி. வெளி என்றால் தடுப்பற்ற பரப்பு. மேடும் இல்லாத, ஆழமும் இல்லாத, உப்பும் நல்ல தண்ணீரும் முறை வைத்துக்கொள்ளும் நிலத்துக்கு இதைவிடச் சரியான வரையறையை எந்தக் கலைச்சொல் அகராதியும் தரவில்லை. கழுவெளியை இடையன்திட்டுக் கழிமுகத்தோடு சேர்க்கும் ஓடையின் பெயர் ஆங்கில அறிக்கைகளில் ‘உப்புகல்லி’ என்று காணப்படுகிறது. உப்புக்கழி என்பதைத்தான் யாரோ ஓர் அதிகாரி அப்படிக் காதில் வாங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கழிமுகத்துக்கு வடக்கே உள்ள பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். கழிகளுக்கு இடையில் உள்ள நாடு. இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் அது ஒரு பேரூராட்சி. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். ஒரு புலவரின் ஊர்ப்பெயர் வழியாகவே, கழிகள் சூழ்ந்த நிலம் இங்கே வெகுகாலமாக இருந்துவருகிறது என்பது நமக்குக் கிடைத்துவிடுகிறது. இலக்கியத்தைச் சூழல் வரலாற்றுக்குச் சான்றாக எடுப்பதில் இப்படிப்பட்ட தற்செயல் சான்றுகளைத்தான் நான் அதிகம் நம்புவேன். புலவர் அதை நிரூபிப்பதற்காகச் சொல்லவில்லை அல்லவா?

அந்த நூலின் பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனைத் தேடிப் போகும் பாணனுக்கு வழி சொல்லப்படுகிறது. நெய்தல் நிலத்தில் எயிற்பட்டினம், முல்லையில் வேலூர், மருதத்தில் ஆமூர், பிறகு கிடங்கில். கிடங்கில் இன்று திண்டிவனம் நகருக்குள்ளேயே இருக்கிறது. எயிற்பட்டினம் மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ் சோழமண்டலக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளை வரிசையாகச் சொல்கிறது. பொதுகே புதுச்சேரி அருகேயுள்ள அரிக்கமேடு என்று கொள்கிறார்கள். சோ என்றாலும் எயில் என்றாலும் அரண்தான். ஆகவே சோபட்டினமும் எயிற்பட்டினமும் ஒன்றே என்ற விளக்கம் மொழிவழியாகவும் பொருந்திவருகிறது. துறைமுகம் என்றால் மரக்கலம் உள்ளே வந்து நிற்கும் அளவுக்குக் கழிமுகம் திறந்திருந்தது என்று பொருள். இன்றைய கழிமுகத்தில் கோடைக்காலத்தில் மணல்திட்டு எழும்பிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த இடைவெளி உறைக்கும்.

வேலூர் என்று பாட்டில் வருவது இன்றைய உப்புவேலூர் என்று பலரும் கருதுகின்றனர். இங்கே ஒரு ஆசை எழுகிறது. பாட்டில் முல்லை நிலமாக இருந்த ஊர் இன்று பெயரிலேயே உப்பைச் சுமக்கிறதே, இடையில் நிலம் உவர்ப்பாகிவிட்டதோ? கவர்ச்சியான ஊகம். ஆனால் திணை என்பது புலவர் கையாளும் மரபு. அது மண் பரிசோதனை அறிக்கை கிடையாது. வேறு வேலூர்களிலிருந்து பிரித்துச் சொல்லவோ, உப்பு வணிகத்தாலோ அந்த முன்னொட்டு வந்திருக்கலாம். ஆசை தரும் சான்றை ஒதுக்கி வைக்கத் தெரியாவிட்டால் இந்தத் துறையில் ஒரு அடிகூட நகர முடியாது.

இதேபோல இன்னொன்று. வானூர்ப் பக்கம் இரும்பை மாகாளேசுவரர் கோயிலை ஒட்டி ஒரு கதை வழங்குகிறது. ஊரார் சிரித்ததால் சினந்த சித்தர் சாபமிட, லிங்கம் மூன்றாகப் பிளந்து, அந்தச் சுற்றுவட்டாரமே பாலையாயிற்று என்கிறார்கள். பெரும் வறட்சி ஒன்றின் நினைவு இந்தக் கதைக்குள் உறைந்திருக்கிறது என்று எழுதியவர்கள் உண்டு. இருக்கலாம். ஆண்டு குறிக்காத வறட்சியை வைத்து வரலாறு எழுத முடியாது.

கல்வெட்டு இந்த வகையில் கொஞ்சம் மேல். மரக்காணம் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. உப்பளத்தை அளம் என்றும் பேரளம் என்றும் சொல்வது சோழர் காலக் கல்வெட்டு வழக்கு. இந்த ஊர்க் கல்வெட்டுகளிலும் அளங்கள் இடம்பெறுகின்றன. ஆக, கழியின் ஒரு பகுதியை வரப்புப் போட்டுப் பாத்தியாக்கும் வேலை ஆயிரம் ஆண்டுகளாவது பழையது. ‘மனிதக் கை படாத ஈரநிலம்’ என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுவதைப் படிக்கும்போது சிரிப்புத்தான் வருகிறது.

கால்வாயும் வரைபடமும்

ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள் கழிமுகத்தின் வடகரையில் நிற்கின்றன. 1750இல் அது பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குக் கொடுக்கப்பட்டது. 1760இல் ஆங்கிலேயர் பிடித்து உடைத்தனர். படகுத்துறையோடு கட்டிய கோட்டை அது. அதன் செங்கற்சுவர்களில் ஒரு பகுதியை 2004 ஆழிப்பேரலை அடித்துச் சாய்த்தது. சூழல் வரலாற்றாளருக்கு இதுபோன்ற கட்டடம் ஒரு நிலையான புள்ளி. கரைக்கோடு முன்னே வந்ததா பின்னே போனதா என்று அளக்க, நகராத ஒன்று வேண்டுமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கழிகளின் தலையெழுத்தை மாற்றியது பக்கிங்காம் கால்வாய். 1806இல் பசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கியது, பின்னர் வடக்கும் தெற்குமாக நீண்டு, கடலோரக் கழிகளைக் கோத்துக்கொண்டே மரக்காணத்தில் வந்து முடிந்தது. சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு 1877, 78இல், பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் மொத்தக் கால்வாய்க்கும் ஒட்டிக்கொண்டது. இன்றைய தமிழ்நாட்டுக்குள் அதன் நீளம் 163 கிலோமீட்டர். உப்பும் விறகும் படகில் சென்னைக்குப் போயின. கழிகளைத் தனித்தனிப் பிள்ளைகளாகப் பார்த்துக்கொண்டிருந்த மணல்மேடுகளை அறுத்து, ஒரே குழாயில் மாட்டியது இந்தக் கால்வாய். ஒரு கழியின் உப்பு மற்றதற்குப் போக வழி பிறந்தது. இந்த மாற்றம் எந்தப் பரப்பளவுக் கணக்கிலும் வராது. கால்வாய் வெட்டியதற்கு முன்னும் பின்னும் கழிகளின் பரப்பு ஏறத்தாழ அப்படியேதான் இருந்திருக்கும்.

வரைபடங்களுக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் முறையான வருவாய் நில அளவை 1858இல் தொடங்கியது. அதன் வாரிசுதான் இன்று தாலுகா அலுவலகத்தில் இருக்கும் புலப்படமும் ‘அ’ பதிவேடும். இந்திய நில அளவைத் துறையின் பழைய எண்முறைப்படி கழுவெளி 57 பி/16 என்ற தாளில் விழுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு இட்ட பெயர் ‘கலிவேலி டேங்க்’. டேங்க் என்றால் ஏரி. அளவையாளருக்கு அந்தச் சீமையில் தெரிந்த நீர்நிலை ஏரிதான். கரையில்லாத இதையும் அந்தப் பெட்டியிலேயே போட்டுவிட்டார். விளைவு சாதாரணமானதில்லை. ஏரி என்றால் அதற்கு ஒரு நீர்பிடிப்புக் கோடு வேண்டும், கோட்டுக்கு வெளியே இருப்பது ஏரி ஆகாது. வெள்ள காலத்தில் மூன்று மாதம் நீருக்குள் கிடக்கும் ஓரங்கள் இப்படித்தான் வருவாய்க் கணக்கில் தரிசாகவும் புறம்போக்காகவும் பதிந்து, பிற்பாடு ஒப்படைக்கப்படவும் ஆக்கிரமிக்கப்படவும் தகுதி பெற்றன.

வரைபடம் தயாரித்த பருவமும் முக்கியம். கள அளவை மழை விட்ட பிறகுதான் நடக்கும். வண்டியும் ஆளும் கருவியும் சேற்றில் இறங்க முடியாது. எனவே பழைய வரைபடத்தின் நீர்க்கோடு பெரும்பாலும் வற்றிக்கொண்டிருக்கும் காலத்தின் கோடு. தாளின் ஓரத்தில் ‘அளவை ஆண்டு’ அச்சிட்டிருக்கும், மாதம் இருக்காது. அதை எடுத்து மழைக்காலச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டால் கழுவெளி நூறாண்டில் வளர்ந்துவிட்டதாக விடை வரும்!

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் சதுப்புகளை இப்படித் தேடியவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. 1850களில் அந்நாட்டுக் கடற்கரை அளவைத் துறை சதுப்புக்குள் ஓடும் ஒவ்வொரு சிற்றோடையையும் பெரிய அளவில் வரைந்து வைத்திருந்தது. அங்குள்ள கழிமுக ஆய்வு நிறுவனம் அந்தத் தாள்களையும், ஸ்பானியப் பயணிகளின் நாட்குறிப்புகளையும், நிலக்கொடை வழக்குகளில் தாக்கலான கையால் வரைந்த படங்களையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்து, பழைய விரிகுடாவை மீட்டெழுதியது. நம்மிடம் அப்படிப்பட்ட ஓடைப்படம் கிடையாது. ஆனால் உரசிப் பார்க்கும் பழக்கம் இரவல் வாங்கத்தக்கது. தனியாக ஒரு சான்றை நம்பாதே, இரண்டு பொய்ச்சாட்சிகள் வெவ்வேறு காரணத்துக்காகப் பொய் சொன்னால் நடுவில் உண்மை எட்டிப் பார்க்கும் என்பதே அதன் சாரம்.

வானத்துக் கண்ணின் கோளாறுகள்

1972 ஜூலையில் முதல் லேண்ட்சாட் மேலே போனது. அதன் படத்தில் ஒரு புள்ளி, தரையில் ஏறத்தாழ 80 மீட்டர். 1982 முதல் 30 மீட்டர். 2015இல் வந்த ஐரோப்பிய சென்டினல்-2இல் 10 மீட்டர், ஐந்து நாளுக்கொரு முறை. அதற்கு முன்னதாக, 1960களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த கரோனா படங்கள் 1995இல் பொதுவெளிக்கு வந்தன. கறுப்பு வெள்ளையானாலும் முதல் லேண்ட்சாட்டைவிடக் கூர்மை. கையில் ஐம்பது அறுபது ஆண்டுப் படக்கோவை இருக்கிறது. இனி என்ன சிரமம் என்று தோன்றும்.

முதல் சிரமம் மேகம். கழுவெளி நிறைவது ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழையில். அப்போது வானம் மூடியிருக்கும். கண்ணால் பார்ப்பதுபோலப் படமெடுக்கும் செயற்கைக்கோளுக்குக் கீழே எதுவும் தெரியாது. எனவே ஆய்வாளர் கையில் கிடைக்கும் தெளிந்த படங்களில் பெரும்பாலானவை தை முதல் வைகாசி வரையிலானவை. நிறைந்த கழுவெளி படத்தில் அரிதாகவே சிக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, மறுநாள் காலை வரையான ஒரு நாளில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் அரை மீட்டரை ஒட்டிய மழை கொட்டியது. அப்படிப்பட்ட வாரத்தில் கழுவெளி எதுவரை பரவியது என்பதுதான் அதன் உண்மையான எல்லை. மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்கள் அண்மைக் காலத்துக்குத்தான் தடையின்றிக் கிடைக்கின்றன.

இரண்டாவது சிரமம் இன்னும் சுவையானது. நீரை மற்ற நிலத்திலிருந்து பிரிக்க, பச்சை ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் வைத்து ஒரு குறியீட்டு எண் போடுவார்கள். மெக்ஃபீட்டர்ஸ் 1996இல் எழுதிய சூத்திரம். நீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும், இலையும் மண்ணும் திருப்பி அனுப்பும். சூத்திரத்துக்குத் தண்ணீர் மட்டும்தான் தெரியும். அது கழியின் தண்ணீரா, உப்பளப் பாத்தியில் காயும் தண்ணீரா, இறால் பண்ணைக் குளத்தில் இயந்திரம் அடித்து நிரப்பிய தண்ணீரா, நடவுக்குத் தயாரான சேற்று வயலா என்று அதற்கு வித்தியாசம் தெரியாது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். பங்குனியில் வற்றிப்போகும் சேற்றுநிலம் ஒன்றை வெட்டி இறால் குளமாக்கினால், அங்கே ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கும். வானத்திலிருந்து பார்த்தால் பருவகால நீர்ப்பரப்பு நிரந்தர நீர்ப்பரப்பாக ‘முன்னேறி’யிருக்கும். 1984 முதலான லட்சக்கணக்கான லேண்ட்சாட் படங்களைக் கொண்டு ஐரோப்பிய ஆய்வு மையம் 2016இல் வெளியிட்ட உலக நீர்ப்பரப்பு வரைபடம் அருமையான சாதனம். ஆனால் கடலோரத்தில் அது ‘புதிய நிரந்தர நீர்’ என்று நிறமிட்டுக் காட்டும் புள்ளிகளைக் கண்டு மகிழ்வதற்கு முன் ஒருமுறை பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. ஈரநிலம் அழிந்த இடமே நீர் பெருகிய இடமாகத் தெரியும். எதிர்த்திசையிலும் பிழை நேரும். கோரையும் நாணலும் மூடிய ஆழமற்ற நீரைச் சூத்திரம் நிலம் என்றே சொல்லும். சீமைக்கருவேலம் பரவிய இடத்தையும் அப்படித்தான்.

இங்கே உதவுவது இயந்திரத்தைவிடக் கண். கழி வளைந்து ஓடும். மனிதர் வெட்டியது நேர்க்கோட்டில் இருக்கும். கரோனா படத்தையும் இன்றைய படத்தையும் அருகே வைத்து, வளைகோடுகள் எங்கெல்லாம் செவ்வகங்களாகின என்று கையால் வரைந்துகொண்டு போனாலே மரக்காணத்தின் அரை நூற்றாண்டு மாற்றத்தில் பெரும்பங்கு அகப்பட்டுவிடும். அலுப்பான வேலைதான். கணினி ஒரு மணி நேரத்தில் செய்வதாகச் சொல்வதைக் கண் ஒரு மாதத்தில் செய்யும், ஆனால் சரியாகச் செய்யும்.

படங்கள் எட்டாத காலத்துக்குச் சேற்றைத்தான் கேட்க வேண்டும். குழாயை இறக்கி எடுத்த சேற்றுத் தூணில் அடுக்கடுக்காக மகரந்தமும் நுண்ணுயிர் ஓடுகளும் இருக்கும். உப்புநீரில் வாழ்பவை எவை, நன்னீரில் வாழ்பவை எவை என்று பிரித்தால் எந்த ஆழத்தில் தண்ணீரின் குணம் மாறியது என்று தெரியும். ஈயம்-210இன் அரைவாழ்வு சுமார் 22 ஆண்டு; கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டு வண்டலுக்கு வயது சொல்ல அது போதும். அதற்கு முந்தியதற்குக் கரிமக் காலக்கணிப்பு. 1955 முதல் இயங்கிவரும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் மகரந்த ஆய்வுக்குப் பேர்போன சேகரிப்பு இருக்கிறது. கழுவெளியின் தென்முனையிலிருந்து அது ஒரு பேருந்துப் பயணத் தொலைவு.

உண்மையில் மாறியது எது

கழுவெளிக்குத் தண்ணீர் வருவது 700 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீர்பிடிப்பிலிருந்து. அதில் ஏறத்தாழ 200 ஏரிகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. மேலேரி நிறைந்து கலங்கல் வழிந்து கீழேரிக்கு, அது நிறைந்து அடுத்ததற்கு, கடைசி வழிவு கழுவெளிக்கு. ஏரிகள் தூர்ந்தாலும், வரத்துக் கால்வாய் அடைபட்டாலும், பாசனம் முழுக்க ஆழ்துளைக் கிணற்றுக்கு மாறினாலும் அதன் கணக்குக் கழுவெளியில்தான் எழுதப்படும். வானூர் மணற்கல் நீர்த்தாங்கியிலிருந்து கரும்புக்கும் நெல்லுக்கும் இறைத்த இறைப்பில் நிலத்தடி நீர்மட்டம் பல இடங்களில் கடல்மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. மேலே ஒன்றும் மாறாததுபோலத் தெரியும் நிலத்தின் அடியில் உப்பு உள்நோக்கி நகர இடம் கிடைத்துவிட்டது. எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் இது இல்லை. குடிநீர்க் குழாயில் இருக்கிறது.

மேற்கே திருவக்கரை, ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேடுகள் கடலூர் மணற்கல்லால் ஆனவை. 1940 முதல் பாதுகாக்கப்படும் திருவக்கரைக் கல்மரங்கள் கிடப்பதும் இந்தப் படிவில்தான். மரப்போர்வை போன பிறகு இந்த மண் மழையில் கரைந்து ஓடை ஓடையாக அறுபடும். அந்தச் செம்மண் போய்ச் சேருமிடமும் கழுவெளியே. ஆழம் ஏற்கெனவே மனித உயரம்கூடத் தேறாத பள்ளத்தில் ஒரு சாண் வண்டல் என்பது பெரிய மாற்றம். இதை உடம்பால் அளந்துவைத்திருப்பவர்கள் கழியில் இறங்கி இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளர்கள். முழங்கால், இடுப்பு, மார்பு என்பதுதான் அவர்கள் அளவுகோல். எந்த இடத்தில் எந்த மாதம் தண்ணீர் எதுவரை நின்றது என்ற கேள்விக்கு நிறுவனங்களின் தரவுத்தளங்களைவிட அவர்களிடம் துல்லியமான விடை இருக்கும். கேட்பவர் குறைவு.

கடல் பக்கம் இறால். 1990களில் கிழக்குக் கடற்கரை முழுக்க இறால் பண்ணைகள் பெருகின. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மரபுமுறை சாராத பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தை உருவாக்கி, அந்தத் தொழிலுக்குச் சட்டக்குடை பிடித்தது. 2009க்குப் பிறகு வெனாமி இறால் வந்து இரண்டாம் அலை கிளம்பியது. மரக்காணத்து உப்பங்கழி ஓரங்களில் உப்பளங்களுக்கு அருகே பண்ணைகள் இருப்பதன் பின்கதை இது. உப்பளத்துக்கும் இறால் குளத்துக்கும் வானத்திலிருந்து பெரிய வேறுபாடு தெரியாது என்றாலும் பறவைக்குத் தெரியும். உப்பளப் பாத்தியில் உள்ளான்கள் இறங்கி மேயும். குத்துச்சரிவுள்ள ஆழமான இறால் குளத்தில் குட்டைக் கால்களோடு நின்று இரை தேட முடியாது. பல குளங்களுக்கு மேலே வலையும் கட்டியிருப்பார்கள்.

பறவைகளும் ஒரு சாட்சிதான். கழுவெளி மத்திய ஆசிய வலசைப் பாதையில் இருக்கிறது. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் கருவால் மூக்கனும் பனிக்காலத்தில் கூட்டமாக வருகின்றன; பூநாரையும் கூழைக்கடாவும் உண்டு. வாத்துகள் நன்னீர் மிகுந்த தெற்கே, பூநாரை உவர்ப்பு மிகுந்த வடக்கே என்று பொதுவாகச் சொல்லலாம். எந்தக் கூட்டம் எந்த மாதம் எங்கே இறங்கியது என்று நாற்பதாண்டுக் குறிப்பேடுகளைச் சேர்த்தால், தண்ணீரில் உப்பு எப்படி இடம்பெயர்ந்தது என்பதன் நிழல் தெரியும். கணக்கெடுப்பின் மொத்த எண்ணிக்கையை மட்டும் அச்சிட்டுவிட்டு இடத்தையும் நாளையும் விட்டுவிடும் வழக்கம் இதைக் கெடுத்துவைத்திருக்கிறது.

கழிமுகத்தின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வெள்ளம் வரும்போது முகம் திறக்கும், வெள்ளம் ஓய்ந்தால் மணல் அதை மூடப் பார்க்கும். புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் மணலைத் தெற்கே பிடித்துக்கொண்டதால், வடக்கே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வரை விழுப்புரம் மாவட்டக் கரை அரிக்கப்பட்டது. ஓரிடத்துக்குக் கல் கொட்டினால் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு வடக்கே நகர்கிறது. அது இடையன்திட்டுக் கழிமுகத்துக்கு வந்து சேர இன்னும் தொலைவு இருக்கிறது என்பது ஆறுதல் ஆகாது.

ஒரே தண்ணீர், நாலு கோப்பு

2008இல் நாடாளுமன்றம் நான்காம் தேசிய நீர்வழியை அறிவித்தது. காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான கால்வாய்களோடு ‘கழுவெளி ஏரி’யும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது, பக்கிங்காம் கால்வாய் முடியுமிடத்திலிருந்து புதுச்சேரிப் பக்கம் படகு போக அதுதான் வழி என்ற கணக்கு. பிறகு அழகன்குப்பம், ஆலம்பரைக்குப்பம் என்று கழிமுகத்தின் இருகரையிலும் மீன்பிடித் துறைமுகங்கள் கட்டும் திட்டம் வந்து, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு முன் வழக்காயிற்று. 2021இல் சரணாலயம். 2024 ஆகஸ்டில், நஞ்சராயன் சரணாலயத்தோடு சேர்த்து, ராம்சார் ஒப்பந்தப் பட்டியலில் இடம். ஒரு துறைக்கு நீர்வழி, ஒரு துறைக்குத் துறைமுகம், ஒரு துறைக்குச் சரணாலயம், வருவாய்த்துறைக்குப் புறம்போக்கு. வெவ்வேறு கோடுகள், வெவ்வேறு ஆண்டுகள். நாளை ஓர் ஆய்வாளர் இந்தக் கோப்புகளைப் பார்த்து ‘மாற்றம்’ என்று எழுதப் போவதில் பாதி, துறைகளின் மாற்றமாகத்தான் இருக்கும்.

சரணாலயக் கோடு வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். கோடு இல்லாத நிலத்தைக் காப்பாற்றச் சட்டத்துக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கோட்டை 2021ஆம் ஆண்டின் நிர்வாக முடிவாக மட்டும் படிக்க வேண்டும். கழுவெளியின் கரை அதுதான் என்று படித்துவிடக் கூடாது. வெள்ளம் கோட்டைத் தாண்டும் ஆண்டுகளில் அது எங்கே போகும் என்பதற்கான இடத்தை வெளியே விட்டுவைக்காவிட்டால், சரணாலயத்துக்கே ஒரு நாள் வரப்புக் கட்ட வேண்டியிருக்கும். கட்டினால் அது ஏரியாகும், கழுவெளியாக இராது.

மரக்காணம், வானூர், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் பழைய பட்டாவும், கிரயப் பத்திரமும், கல்யாண ஆல்பத்தில் கழிக்கரையில் நின்று எடுத்த படமும் இருக்கும். பத்திரத்தின் நான்கெல்லையில் ‘கிழக்கே கழுவெளி’ என்று எழுதியிருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இனிமேல் அங்கே நின்று கைப்பேசியில் படம் எடுக்கிறவர்களும் தேதியையும் நின்ற இடத்தையும் பார்த்த திசையையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். தண்ணீர் முழங்காலா இடுப்பா என்பதையும்.